தொண்ணூற்று நாலு கிலோவும் ஒரு பனிமலையும்

பனிமலைப் பக்கம் போய்ச் சத்தம் போட்டால் மலை சரிந்து தலையில் விழும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை மனப்பூர்வமாக நம்பியவன் நான். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் டிவியில் பார்த்த ஏதோ ஒரு டப்பிங் படத்தில் ஒருத்தன் தும்மினான். பின்னாலேயே மலை இறங்கி வந்து மீசையோடு சேர்த்து அவனை மூடியது. பனியைப் பற்றிய என் படிப்பு அதோடு முடிந்தது.

அதனால் கிர்கிஸ்தானில், பிஷ்கெக் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து ரகசியக் குரலில்தான் பேசினேன். மலை எங்கேயோ வானத்தின் ஓரத்தில், வெள்ளை அடித்த காம்பவுண்டு சுவர் மாதிரி தெரிந்தது. எனக்கு அது தெரிகிறது என்றால் அதற்கு நான் கேட்கமாட்டேனா?

"இன்னாப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் என் மகள் நித்யா.

"மெதுவாப் பேசு" என்று கண்ணால் மலையைக் காட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாராவது தெரிந்தவர் நிற்கிறாரோ என்று நினைத்திருக்க வேண்டும்.

திருப்போரூரில் எனக்கு இரண்டு தண்ணீர் லாரிகள். ஓ.எம்.ஆர். பக்கம் பத்து மாடி, இருபது மாடி என்று கட்டி வைத்துவிட்டுக் குழாயில் காற்று வருகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான்தான் வருண பகவான். சொந்த ஊர் செய்யூருக்கு அந்தப் பக்கம், வேர்க்கடலை பூமி. மகள் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள், நாலாவது வருஷம். படிக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ வந்தது. காலில் இரண்டு நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு சிவப்புச் சட்டைக்காரர் செங்குத்தான வெள்ளைச் சரிவில் வளைந்து வளைந்து பறந்து வருகிறார். கீழே வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினால், எங்கள் நித்யா.

என் மனைவி மல்லிகா அதை ஏழு தடவை பார்த்தாள். எட்டாவது தடவை எனக்குக் காட்டினாள்.

"உன் பொண்ணு செவுத்துல எறங்கிகினு கீறா. போய் இன்னான்னு பாத்துட்டு, அந்தப் பலகய ஒடச்சி அடுப்புல வெச்சிட்டு வா."

இதுதான் நான் வெளிநாடு போன காரணம். ஊரில் கேட்டவர்களிடம் முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து மகள் தங்கியிருக்கும் வீட்டு வாசல்வரை மூன்று முறை விழுந்தேன். நம் ஊரில் மழை பெய்தால் சேறு. வழுக்கும் என்று அது முன்கூட்டியே தெரிவித்துவிடும், நாகரிகம் தெரிந்த சேறு. இங்கே நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். முகத்தைப் பார்த்துக்கொண்டே விழலாம். மூன்றாவது முறை விழுந்தபோது ஒரு கிழவி என்னைத் தூக்கிவிட்டு ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். இன்னா சொல்லுது என்று மகளிடம் கேட்டேன்.

"பென்குயின் மாதிரி நடன்னு சொல்றாங்கப்பா."

"நான் இப்பவே அப்டித்தான் நடக்கறேன்னு சொல்லு."

வேடந்தாங்கலுக்கு வருஷா வருஷம் இந்தத் திசையிலிருந்து பறவைகள் வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என்ன ஒரு பாசம், எத்தனை தூரம் பறந்து வருகின்றன என்று உருகியிருக்கிறேன். அன்று கழிவறைக் குழாயைத் திறந்து கை கழுவியபோது புரிந்தது. பாசமாவது ஒண்ணாவது. உயிர் பிழைக்க ஓடி வந்திருக்கின்றன.

இரண்டாம் நாள் சாப்பாட்டு விஷயம். காலையில் போர்சோக் என்று ஒன்று கொடுத்தார்கள். நம் இனிப்பு போண்டாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. நன்றாகவே இருந்தது, பதினாறு போனது. மத்தியானம் ஒரு கடையில் பெஷ்பர்மாக். பெயருக்கு ஐந்து விரல் என்று அர்த்தமாம், கையால் சாப்பிட வேண்டியதாம். இவ்வளவு நல்ல ஜனங்களா என்று சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். அகலமான மாவு நாடா, அதன் மேல் கறி. பாதி தட்டு முடிந்த பிறகுதான் இது எந்தக் கறி என்று கேட்கத் தோன்றியது.

"குதிர" என்றாள் நித்யா.

செய்யூரில் எங்கள் வீட்டு எல்லையிலேயே ஐயனார் குதிரை நிற்கிறது. மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மீதிப் பாதியையும் முடித்தேன். வீணாக்கினால் இன்னும் கோபம் வரும்.

அந்தக் கடைக்குத்தான் அசமத் வந்தார். மலையில் ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. நாற்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாகவும் மீதி முகம் வெயிலில் கறுத்தும், கண்ணாடி போட்ட கோட்டான் மாதிரி இருந்தார். நித்யாவுக்குப் பனியில் ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். பலகையை உடைக்க வந்தவன், முதலில் ஆளை உடைக்கலாம் என்று முறைத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முறைப்பு தொடர்வது கஷ்டமாகிவிட்டது.

"அவர்கிட்ட கேளு, எம் பொண்ணு மல மேல போவசொல்ல யாராவது தும்முனா இன்னா ஆவறது?" என்று ரகசியக் குரலில் கேட்டேன்.

நித்யா மொழிபெயர்த்தாள். அசமத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது. பிறகு சொன்னதை நித்யா எனக்குச் சொன்னாள்:

"சத்தத்துக்கு எல்லாம் பனி அசையாது. நீங்க மேளம் கொட்டலாம். பனிச்சரிவுல மாட்டறவங்கள்ல பெரும்பாலானவங்க, தானே அத கிளப்பிவுட்டவங்க. இல்லன்னா கூட வந்தவன் கிளப்பிவுட்டது. பனிக்குக் காது கிடையாது, ஆனா எடை தெரியும்."

எடை என்றதும் இருவரும் என் வயிற்றைப் பார்த்ததாக எனக்கு ஒரு சந்தேகம். தொண்ணூற்று நாலு கிலோ. குதிரையைச் சேர்க்காமல்.

"நாளைக்கி எங்க கூட வாப்பா. செங்குத்தா எங்கயும் போவல. நீ நடந்தே வரலாம். வந்து பாத்துட்டு அப்புறம் வேணான்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றாள் நித்யா.

அவள் சொன்னால் சொன்னதுதான். என் மகளின் ஆட்டத்துக்கு நான் போட நினைத்த பூட்டுக்கு அவளே சாவி கொடுக்கிறாள். ஒரு நாள் போய்வந்துவிட்டு, 'பார்த்தேன், வேணாம்' என்றால் முடிந்தது. ஒப்புக்கொண்டேன். மல்லிகாவிடம் போனில் சொன்னபோது, "நீ எதுக்கு? நீ கட்டில்லருந்தே வுழுவுற ஆளு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு பழைய வேனில் கிளம்பினோம். மலை அடிவாரத்தில் ஏற்றம் வந்ததும் வேன் முன்னால் போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நடனமாடியது. அசமத் இறங்கிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினார். இருபத்தைந்து வருஷமாக லாரி வைத்திருக்கிறேன், சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பார்த்ததில்லை. நம் ஊரில் தவணை கட்டாத வண்டிக்குத்தான் போடுவார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். வேன் போய்விட்டது, நான் தள்ளிய இடத்திலேயே குப்புறப் படுத்திருந்தேன். விழுந்த கணக்கில் இது நாலாவது.

மேலே போனதும் என் மார்பில் ஒரு சின்னப் பெட்டியை வார் போட்டு இறுக்கினார்கள்.

"இது இன்னாத்துக்கு?"

"பனியில பொதஞ்சா எங்க கீறோம்னு சிக்னல் அனுப்பும்பா."

"யாரு பொதஞ்சா?"

"யாரு பொதஞ்சாலும்."

"நான் பொதஞ்சா யாரு தோண்டுவா?"

"நான்தான்."

"நீ பொதஞ்சா?"

அவள் என் கையில் ஒரு மடக்கு மண்வெட்டியைக் கொடுத்தாள். காலுக்கு இரண்டு பனிச்செருப்பு. சாதாரணமாகச் சொன்னால் இரண்டு முறம். முறத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தால் பனியில் ரொம்ப ஆழமாகப் புதையாமல் இருக்கலாம். அவர்கள் இருவரும் பலகையில். பலகைக்கு அடியில் ஒரு ரோமத் துணி ஒட்டியிருந்தது. முன்னால் சறுக்கும், பின்னால் சறுக்காது. அரசியல்வாதிகள் காலில் ஒட்டலாம்.

ஒரு மணி நேரம் நடந்ததும் அசமத் நின்று, மண்வெட்டியால் இடுப்பளவுக்குக் குழி தோண்டினார். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. குழியின் சுவரில் பனியை ரம்பத்தால் அறுத்து ஒரு தூணாகப் பிரித்தார். அதன் தலையில் மண்வெட்டியைக் கவிழ்த்து வைத்துக் கையால் தட்டினார். முதலில் மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து. அந்தச் சுற்றில் நாலாவது தட்டில், தூணின் மேல்பாதி அப்படியே வழுக்கி அவர் மடியில் விழுந்தது. இருவர் முகமும் மாறியது.

அறுந்த இடத்திலிருந்து நித்யா ஒரு கைப்பிடி அள்ளி என்னிடம் காட்டினாள். பனி மாதிரியே இல்லை. அஸ்கா சர்க்கரை மாதிரி உதிரி உதிரியாக விரலிடுக்கில் ஓடியது.

"குளிர் காலம் ஆரம்பிக்கசொல்ல வுழுந்த பனிப்பா. இப்டி சக்கர மாதிரி ஆயிடுச்சி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுக்கு மேல போன வாரம் பேஞ்ச பனிய காத்து அடிச்சி அடிச்சி கெட்டிப் பாளமா வெச்சிருக்கு."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "வேர்க்கடலையக் கொட்டி அதுமேல பலகயப் போட்டா மாதிரி."

நித்யா அதை மொழிபெயர்த்தாள். அசமத் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்து ஏதோ சொன்னார்.

"அவரு படிச்ச எந்தப் பாடத்துலயும் இவ்ளோ நல்லா சொல்லலயாம்."

இந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. சத்தத்துக்குப் பயமில்லை என்று நேற்றே தெரிந்துவிட்டது, இன்று பனி சாஸ்திரமும் கைக்குள் வந்துவிட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்டேன். மாமல்லபுரத்தில் எங்கள் உருண்டைப் பாறை சரிவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்பதையும், வருகிறவன் போகிறவன் எல்லாம் போட்டோவுக்காக அதைத் தள்ளுவதையும், அது கொட்டாவிகூட விடாததையும் அசமத்துக்கு விளக்கினேன். சரிவில் நிற்கிற பொருள் சும்மா விழுந்துவிடாது என்பது என் கட்சி.

"அது பாற. இதுக்கு அடியில வேர்க்கடல" என்றாள் நித்யா.

தூண் உடைந்ததால், போக நினைத்திருந்த சரிவை அசமத் கைவிட்டார். சாய்வு குறைந்த முகட்டிலேயே நடந்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று முடிவானது. முறுக்கை எடுத்தேன். அசமத் கடித்தார். கடக் என்ற சத்தம் எதிர் மலைக்குக் கேட்டிருக்கும். அவர் பயந்த மாதிரி கழுத்தை உள்ளிழுத்து மேலே பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெயில், முறுக்கு, கீழே வெள்ளையாகப் பள்ளத்தாக்கு. நம் ஊரில் லோடு லோடாக நான் விற்கிற சரக்கு இங்கே மலை மலையாகச் சும்மா கிடக்கிறது. பலகையை அடுப்பில் வைக்கிற யோசனை அப்போதே பாதி போய்விட்டது. இந்தப் பெண் குழி தோண்டிப் பார்த்து, உடைகிறது என்றால் திரும்பி நடக்கிறாள். நான் அவளை நினைத்துப் பயந்ததைவிட அவள் பெரிய பயந்தாங்கொள்ளி. மல்லிகாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

காலையில் வராத ஒரு குறுக்குவழியில் திரும்பினோம். வழியில் ஒரு ஓடை மடிப்பு. அகலம் அதிகமில்லை, ஜி.எஸ்.டி. ரோடு அளவுதான். ஆனால் அதன் மேலே ஒரு செங்குத்துச் சரிவு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால்தான் வேன். அசமத் எங்களை நிறுத்தினார். முகத்தில் முறுக்குச் சிரிப்பு இல்லை.

"ஒவ்வொருத்தராத்தான் தாண்டணும். மொதல்ல அவரு. அந்தப் பாறைக்குப் பின்னாடி போய் நின்னு கை காட்டுவாரு. அப்புறம் நான். நான் அவருகிட்ட போய்ச் சேந்து, அவரு மறுபடி கை காட்டுனாத்தான் நீ. புரிஞ்சிதாப்பா?" என்றாள் நித்யா.

"லாரிக்காரனுக்குக் கை சிக்னல் புரியாதா? போம்மா."

அசமத் போனார், கை காட்டினார். நித்யா கிளம்பினாள். நான் தனியாக நின்றேன்.

எங்கள் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டியவர்களுக்குத்தான் அடுத்து நடந்தது விளங்கும். அங்கே யாரும் ஒற்றையாகத் தாண்டமாட்டார்கள். ஒற்றையாகப் போனால் பஸ்காரன் அடித்துவிட்டுப் போவான். பத்துப் பேர் சேரும்வரை ஓரமாக நின்று, கும்பலாக இறங்கினால், கெட்ட வார்த்தையோடாவது பிரேக் போடுவான். குழந்தை முன்னால் ஓடிவிட்டால் பின்னாலேயே பாய்ந்து கையைப் பிடிக்க வேண்டும். நித்யாவை எல்.கே.ஜி.யிலிருந்து அப்படித்தான் தாண்டவைத்தேன். ஆபத்து என்றால் சேர்ந்து போ. இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, காலில் இருக்கிற அறிவு.

அவள் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டை, மேலே அவ்வளவு பெரிய வெள்ளை. ஒற்றையாகப் போகிறாளே என்று என் கால் சொன்னது. முறத்தை எடுத்து வைத்தேன். வேகவேகமாக நடந்தேன். அசமத் பாறைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். வா என்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போனேன். மகளுக்குப் பத்தடி பின்னால் வந்துவிட்டேன்.

அவள் திரும்பினாள். "அப்பா, நில்—"

காலுக்குக் கீழே தொம்மென்று ஒரு சத்தம். பெரிய நெல் மூட்டையை உள்ளறையில் யாரோ போட்டது போல. நின்ற தரை நாலு விரல் இறங்கியது. மேலே சரிவில் ஒரு கோடு ஓடியது. கோடுதான், பென்சிலால் இழுத்தது மாதிரி. அடுத்து, கல் பட்ட லாரிக் கண்ணாடி போலச் சரிவு முழுவதும் துண்டு துண்டாகி நகர ஆரம்பித்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கொஞ்ச தூரம் இழுத்துத் தொடை வரை மூடிவிட்டு ஒரு மேட்டில் விட்டுவிட்டது. வெள்ளைத் தூசி அடங்கியது. மடிப்பில் பனிக்கட்டிகள் குவிந்து கிடந்தன. சிவப்பு எங்கேயும் இல்லை.

அசமத் ஓடி வந்தார். வந்ததும் என் மார்புப் பெட்டியைப் பிடித்துத் திருகினார். என் பெட்டி 'நான் இங்கே கீறேன்' என்று கூவிக்கொண்டிருந்தால் அவர் பெட்டி என்னைத்தான் கண்டுபிடிக்கும் என்பது பிறகு புரிந்தது. அவர் குனிந்து தன் பெட்டியைப் பனியோடு உரசிக்கொண்டே போனார். ஒரு நீளக் கம்பியை நீட்டிக் குத்தினார். மூன்றாவது குத்தில் நின்று, பனியிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்த என்னைப் பார்த்துத் தோண்டு என்று சைகை காட்டினார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. மேலிருந்து வெட்டினேன். அவர் என் காலரைப் பிடித்து இழுத்துக் கீழ்ப்பக்கம் தள்ளி, பக்கவாட்டில் வெட்டச் சொல்லிக் காட்டினார். முழங்கை ஆழம் இருக்கும். முதலில் தொப்பி தெரிந்தது. அசமத் அவள் வாயிலிருந்து பனியைத் தோண்டி எடுத்தார். உதடு நாவல்பழ நிறம். ஒரு முறை இருமினாள். இன்னொரு முறை.

"அப்பா, என் கால் மேல நிக்காத."

நான் அவள் கால் பக்கமே போகவில்லை. வலது கால் கணுக்காலுக்கு மேலே உடைந்திருந்தது.

புதைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று அசமத் பிறகு சொன்னார். அவர் கையில் கடிகாரம் இருந்தது, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில். காலில் மாவுக்கட்டு. ஜன்னல் வழியாக அந்த வெள்ளைச் சுவர் தெரிந்தது, திரையை இழுத்துவிட்டேன். மல்லிகா வீடியோவில் வந்தாள்.

"வழுக்கி வுழுந்துட்டேம்மா" என்றாள் நித்யா.

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"பின்னாடியேதான் வந்துகினு இருந்தேன்" என்றேன். வாழ்நாளில் இவ்வளவு உண்மையான பதிலை அவளுக்கு நான் சொன்னதில்லை.

சாயங்காலம் அசமத் வந்தார். மலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் பனி உடைந்தது என்று யாருக்கு என்ன நடந்தாலும் அதில் எழுதிப் போட்டுவிட வேண்டுமாம், அடுத்து போகிறவன் படித்துவிட்டுப் போவதற்காக. அவர் தன் பங்கை முதலில் எழுதினார். நித்யா படித்துச் சொன்னாள்: அன்று காலை பார்த்த பனிக்கு அந்த மடிப்பின் வழியாகத் திரும்பியதே தவறு, அனுபவமில்லாத ஒருவரை அங்கே அழைத்து வந்தது அதைவிடப் பெரிய தவறு, இரண்டும் தன்னுடையவை.

படிவத்தின் அடுத்த கட்டத்தில், பனியைக் கிளப்பியது எது என்று கேட்டிருந்தது.

"வெயில்னு போடேன். வெயில் நல்லாத்தான் காஞ்சிது" என்றேன்.

நித்யா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

"இத்தப் படிச்சிட்டு எவனோ ஒருத்தன் அங்க போவான்பா. நீயே சொல்லு, நான் எழுதறேன்."

அசமத் மரியாதையாக மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ரஷ்ய மொழியில் எழுதினாள்.

வழிகாட்டி தாண்டினார், உடையவில்லை. அவருக்குப் பின் அந்தப் பெண் பாதி தாண்டினாள், உடையவில்லை. அவள் தாண்டி முடிப்பதற்குள், யாரும் கை காட்டாமல், அவளுடைய அப்பா பின்னால் போனார். உடைந்தது.